ஆல்டோ லியோபோல்ட்

ஆல்டோ லியோபோல்ட் (ஜனவரி 11, 1887 – ஏப்ரல் 21, 1948) ஓர் அமெரிக்கச் சூழலியலாளர், வனவியலாளர், எழுத்தாளர் ஆவார். காட்டுயிர் மேலாண்மை என்னும் துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். ஓநாய், மான், செடிகொடிகள், மண் ஆகியன ஒன்றையொன்று சார்ந்திருப்பதை எளிய நடையில் விளக்கியவர். தொடக்கத்தில் ஓநாய்களை ஒழிக்க வேண்டும் என வாதிட்ட இவர், பின்னர் அக்கருத்தைத் தாமே மறுத்தது சூழலியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த பர்லிங்டன் நகரில் பிறந்தார். இவரது தந்தை கார்ல் லியோபோல்ட் மர மேசைகள் செய்யும் தொழில் நடத்தியவர். அவருடன் சிறு வயதிலேயே வேட்டைக்குச் சென்ற லியோபோல்ட், பறவைகளையும் விலங்குகளையும் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று 1909 ஆம் ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார்.

வனத்துறைப் பணி

அதே ஆண்டில் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்து, அரிசோனாவின் அப்பாச்சி தேசியக் காட்டில் பணியமர்த்தப்பட்டார். ஓநாய்களும் மலைச் சிங்கங்களும் கால்நடைகளுக்கும் மான்களுக்கும் பகை என்பதே அக்காலத்தின் பொதுக்கருத்து. ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று லியோபோல்டும் நம்பினார். பணியில் சேர்ந்த ஆண்டிலேயே ஓநாய்களைச் சுட்டுக் கொன்றார். 1912 இல் எஸ்டெல்லா பெர்கேரை மணந்தார். இவருடைய முன்மொழிவின் பேரில் 1924 இல் நியூ மெக்சிகோவின் ஹீலா காட்டுப்பகுதி, சாலைகள் அமைக்கப்படாத இயற்கைப் பகுதியாக ஒதுக்கப்பட்டது.

கருத்து மாற்றம்

1933 இல் வேட்டை விலங்கு மேலாண்மை பற்றிய பாடநூலை வெளியிட்டார். அவ்வாண்டே விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் அத்துறையின் பேராசிரியரானார். 1935 இல் செருமனிக்குச் சென்றபோது, வரிசையாக நடப்பட்ட ஊசியிலை மரக்காடுகளில் மான்கள் மிகுந்து, தரைமட்டச் செடிகள் மேய்ந்து தீர்க்கப்பட்டிருப்பதைக் கண்டார். 1936, 1937 ஆம் ஆண்டுகளில் வட மெக்சிகோவின் கவிலான் ஆற்றுப்பகுதிக்குச் சென்றார். அங்கு ஓநாய்களும் மலைச் சிங்கங்களும் இருந்தன, மான்களும் இருந்தன, ஆயினும் காடு செழிப்பாகவும் மண் அரிப்பின்றியும் இருந்தது.

இவற்றை ஒப்பிட்டு அவர் வந்தடைந்த முடிவு பின்வருமாறு: ஊனுண்ணிகள் நீக்கப்பட்டால் மான்கள் அளவின்றிப் பெருகும். அவை இளங்கன்றுகளையும் புதர்களையும் தின்று தீர்ப்பதால் புதிய மரங்கள் வளர்வதில்லை. பின்னர் மான்களும் குளிர்காலத்தில் பட்டினியால் மடியும். மூடாக்கு இழந்த மண் அரித்துச் செல்லப்படும். 1944 இல் எழுதிய "மலையைப் போல் சிந்தித்தல்" என்னும் கட்டுரையில், தாம் ஓநாயைக் கொன்றதைத் தம் பிழையாக ஒப்புக்கொண்டார்.

விஸ்கொன்சினில் மான்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என 1940களில் இவர் வலியுறுத்தியமை பொதுமக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. எனினும் 1943 முதல் இறக்கும் வரை மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணைய உறுப்பினராகத் தொடர்ந்தார்.

பண்ணையும் நாட்பதிவும்

1935 இல் பாராபூ நகருக்கு அருகே, விஸ்கொன்சின் ஆற்றை ஒட்டி, வளமிழந்த பண்ணை ஒன்றை வாங்கினார். அங்கிருந்த பழைய கோழிக்கொட்டகையைக் குடிலாக்கி, மனைவி, ஐந்து மக்களுடன் வார இறுதிகளில் தங்கி ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார். பூக்கள் மலரும் நாள், பறவைகள் வந்து சேரும் நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் பதிவு செய்தார். மகள் நீனா பிற்காலத்தில் இப்பணியைத் தொடர்ந்தார். இருவர் பதிவுகளையும் ஒப்பிட்டு 1999 இல் வெளியான ஆய்வு, 55 பருவ நிகழ்வுகளை ஆராய்ந்து, வசந்தகால நிகழ்வுகள் பல முன்னதாகவே நிகழத் தொடங்கியுள்ளதைக் காட்டியது. காலநிலை மாற்றத்திற்கான சான்றுகளுள் ஒன்றாக இது கொள்ளப்படுகிறது.

மறைவு

1948 ஏப்ரல் 21 அன்று, அண்டை நிலத்தில் பரவிய புல்தீயை அணைக்க முயன்றபோது மாரடைப்பால் காலமானார். அவரது கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பகம் ஏற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. மகன் லூனா அதைச் செம்மைப்படுத்த, "எ சாண்ட் கவுண்டி அல்மனாக்" என்னும் பெயரில் 1949 இல் வெளிவந்தது. மண், நீர், தாவரம், விலங்கு அனைத்தையும் உள்ளடக்கிய சமூகத்தில் மனிதனும் ஓர் உறுப்பினனே என்னும் "நில அறம்" இந்நூலின் மையக்கருத்தாகும்.

தாக்கமும் விமர்சனமும்

1995 இல் எல்லோசுட்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டன. 1998 இல் லியோபோல்ட் பணியாற்றிய அதே அப்பாச்சி காட்டில் மெக்சிகோ ஓநாய்கள் விடப்பட்டன.

லியோபோல்ட் சான்றாகக் காட்டிய அரிசோனாவின் கைபாப் பீடபூமி மான் எண்ணிக்கைகள் நம்பத்தக்கவையல்ல என்றும், ஆடுமாடுகளின் மேய்ச்சல் குறைந்தமையும் மான் பெருக்கத்திற்குக் காரணமாகலாம் என்றும் 1970 இல் விமர்சனம் எழுந்தது. ஆசுப்பென் மரங்களின் வயதைக் கணக்கிட்ட பிற்கால ஆய்வு, மான்கள் இளமரங்களை அழித்தன என்னும் அவரது கருத்துக்கு வலுச்சேர்த்தது. ஊனுண்ணிகளின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே விவாதிக்கப்படுகிறது.