தேரிக் காற்றில் கால்டுவெல்

ஆனி, ஆடித் திங்களில் உவரிக் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், காற்று என்றால் என்ன என்று! மேற்குமலைக் கணவாய் வழியே சீறிப் பாய்ந்து வரும் மேல்காற்று, தேரிக்காட்டுச் செம்மணலை வாரியெடுத்து வானத்தில் வீசும். சோற்றில் மண், பாயில் மண், பச்சைக் குழந்தையின் கண்ணிலும் மண். பாதையை மூடும், பயிரை மூடும், ஓலைக் குடிசையின் வாயிலையும் மூடும். அதே மாதங்களில் கடலும் பொங்கும். பரதவரின் கட்டுமரம் கரையேறிக் கிடக்கும். பனையிலே பதநீரும் குறையத் தொடங்கும். காலையில் ஏறியவன் கலயத்தில் கண்டதை வைத்து அடுப்பு எரிய வேண்டும். கண்ணில் மண் விழும் காலமும் கையில் காசு இல்லாத காலமும் கைகோத்துக்கொண்டு வரும் சீமை அது!

அந்தச் சீமையில், உவரியிலிருந்து சில கல் தொலைவிலே இடையன்குடி என்ற ஊர். 1841-ஆம் ஆண்டின் இறுதியில் 27 வயது வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். வண்டியில் அல்ல, பல்லக்கில் அல்ல. சென்னையிலிருந்து சோழநாடு வழியாக நீலகிரி ஏறி, கோவை இறங்கி, மதுரை கடந்து, கால்நடையாகவே வந்தார். இராபர்ட்டு கால்டுவெல் என்பது அவர் பெயர். ஊரார் அவரை ஐயர் என்றனர்! பாதிரிமாரை அப்படி அழைப்பது அந்நாளைய நெல்லை வழக்கு. ஆரியத்தின் தனியுரிமையை அசைத்துப் பார்த்தவருக்கு ஐயர் பட்டம்! வரலாறு சில நேரங்களில் நம்மைவிட நன்றாக நையாண்டி செய்கிறது.

பனி கொட்டும் நாட்டிலே பிறந்தவர் பனை நிற்கும் நாட்டுக்கு வந்தார். 1814 மே 7-இல், அயர்லாந்தில் கிளாடி என்ற சிற்றூரில், ஸ்காட்லாந்திலிருந்து குடிவந்த எளிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே குடும்பம் கிளாஸ்கோ திரும்பியது. தாமே படித்துத் தேறினார். பிறகுதான் கிளாஸ்கோ பல்கலைக்கழகம். அங்கே கிரேக்கம் கற்பித்த சான்ட்ஃபோர்டு என்ற பேராசிரியர், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் கலையின் சுவையைக் காட்டினார். 1838 சனவரியில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, கால்டுவெல்லின் மூட்டையில் பணம் இல்லை. அந்தச் சுவை இருந்தது.

வந்தது மதம் பரப்பத்தான். நாம் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. பகுத்தறிவு பேசும் நாம் ஒரு பாதிரியாரைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் தோழர்கள் இருக்கக்கூடும். அவர் தொழுத கடவுளைப் பற்றி அல்ல தோழர்களே, அவர் உழுத நிலத்தைப் பற்றியே பேசுகிறோம்.

நிலமோ மணல். இடையன்குடியில் அவர் நிலம் வாங்கி, தெருக்களை நேராக வகுத்து, மரம் நட்டு, கிணறு வெட்டினார். மணல் பறக்கும் ஊரில் மரம் நடுவது வீண் வேலை என்று எண்ணத் தோன்றும். ஆனால் வேர்தான் மணலைப் பிடித்து நிறுத்தும் என்பது தேரிக்காட்டில் பனை நட்ட பாமரனுக்கு முன்பே தெரியும். அந்தப் பாமரனிடமிருந்து பாடம் படித்தவர்தான் கால்டுவெல்லும் என்பது நம் எண்ணம்.

1844-இல் எலிசாவை மணந்தார். நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட்டு பாதிரியாரின் மகள். தமிழ் மண்ணில் வளர்ந்தவர். தமிழை ஏட்டில் அல்ல, காதில் கற்றவர். கணவரை எல்லோரும் பாடுகிறோம், மனைவியை மறந்துவிடுகிறோம். இடையன்குடிப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர் அந்த அம்மையார். அவர் தாய் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னல் தொழிலை இங்கும் கொண்டுவந்தார். பதநீர் வற்றினாலும் பின்னல் வற்றாது. காற்று வீசினாலும் திண்ணையில் விரல் ஓடும். பனையேறியின் மகள் தன் விரலால் சம்பாதித்த காசைத் தன் கையில் வாங்கினாள். மேலாடை அணியும் உரிமைக்காகப் பக்கத்துத் திருவிதாங்கூரில் பெண்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி அந்தக் கோயிலைப் பற்றி. 1847-இல் இடையன்குடியில் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். எப்போது முடிந்தது தெரியுமா? 1880 சூலை 6-ஆம் நாள்தான் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. முழுமையாக 33 ஆண்டுகள்! காசு வந்தால் சுவர் எழும். காசு தீர்ந்தால் சுவர் நிற்கும். எழும்பிய அரைச்சுவரின் மேல் எத்தனை ஆடிக் காற்று மணலைக் கொட்டியிருக்கும், எண்ணிப் பாருங்கள்! சன்னல்களும் வளைவுகளும் எப்படி அமைய வேண்டும் என்பதை உள்ளூர்க் கொத்தர்களுக்குக் களிமண்ணில் தாமே உருச்செய்து காட்டினார். அடிக்கல் நாட்டியவர் முப்பதைச் சற்றே கடந்த இளைஞர். திறந்துவைத்தபோது 66 வயதுக் கிழவர். ஏட்டுக்குக் காகிதம் வாங்கக் காசில்லை, கொடிக்கம்பம் நடக் காசில்லை என்று கிளைக் கழகத் தோழர்கள் கடிதம் எழுதும்போதெல்லாம் அந்த 33 ஆண்டுகள் நம் நினைவுக்கு வருகின்றன.

சுவர் நின்ற நேரத்தில் அவர் சும்மா நிற்கவில்லை. ஊர்ப் பணிகளுக்கிடையே, மணல் படிந்த மேசையிலே, சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தமிழன் மூன்று என்கிறான், மலையாளி மூன்னு என்கிறான், தெலுங்கன் மூடு, கன்னடன் மூரு, துளுவன் மூஜி. நாம் கண் என்பதைத் தெலுங்கன் கன்னு என்கிறான், கன்னடன் கண்ணு என்கிறான். சந்தையிலே பொருள் கடன் வாங்குவதுபோல ஒரு மொழி இன்னொரு மொழியிடம் சொல் கடன் வாங்கலாம். ஆனால் நான் என்றும் நீ என்றும் சொல்லுவதற்கு, ஒன்று இரண்டு எண்ணுவதற்கு, கண்ணையும் காலையும் சுட்டுவதற்கு எந்த வீட்டுக்காரன் அண்டை வீட்டில் கடன் கேட்பான்? இவை சொந்தச் சொத்து. எனவே இம்மொழிகள் வடமொழியின் வயிற்றில் பிறந்தவை அல்ல, தமக்கெனத் தனிக் குடும்பம் உடையவை, வடமொழிக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டும் தமிழ் தலைநிமிர்ந்து நிற்க வல்லது என்று அவர் சான்றோடு நிறுவினார்.

1816-லேயே சென்னையில் எல்லிஸ் என்ற ஆட்சியாளர் இந்த உண்மையைக் கண்டு எழுதியிருந்தார். முதலில் விதை போட்டவர் எல்லிஸ். அதை மரமாக்கியவர் கால்டுவெல். உடல் நலிந்து 1854-இல் தாயகம் திரும்பிய கால்டுவெல், படுத்து ஓய்வெடுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த குறிப்புகளை நூலாக்கி 1856-இல் இலண்டனில் வெளியிட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்! திராவிடம் என்ற பெயரைக்கூட வடமொழி நூல்களிலிருந்துதான் எடுத்தார். குமாரிலபட்டர் எழுதியதைச் சான்று காட்டினார். 1875-இல் விரிந்த இரண்டாம் பதிப்பு, தோடர், கோதர், கோண்டு மக்களின் பேச்சையும் சேர்த்து 12 மொழிகளை ஒரே குடும்பமாகக் கண்டது.

1857-இல் அவர் மீண்டும் வந்தது எங்கே? சென்னையின் மாளிகைக்கா? மீண்டும் அந்த இடையன்குடிக்கு, மீண்டும் அந்த மணலுக்கு! 1877 மார்ச்சில் கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் பதவி சூட்டினர். பதவியோடு திரும்பியவரை எதிர்கொண்டது தாதுவருடப் பஞ்சத்தின் கொடுமை. மழை பொய்த்தது, கிணறு வறண்டது, உழைத்த கூட்டம் இலங்கைத் தோட்டங்களை நோக்கிக் கப்பலேறியது. 60-ஐக் கடந்த வயதில் கஞ்சிக்கு வழிதேடி அலைந்தார். அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் மதம் மாறினர்; பசிதான் மாற்றியது என்று பழித்தவர்களும் உண்டு. பசித்தவனுக்கு நீங்கள் ஏன் சோறு போடவில்லை என்பதுதான் அவர்களிடம் நாம் கேட்கும் கேள்வி.

குறையே இல்லாத மனிதரா? இல்லை. 1849-இல் பனையேறும் மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், அம்மக்களைத் தாழ்த்திப் பேசியது. பின்னாளில் கல்வி பெற்று எழுந்த அதே மக்கள் அதைக் கண்டித்துக் கிளர்ந்தார்கள். கிளர்ந்தது நியாயம். அவர் வைத்த பள்ளியில் படித்தவர்களே அவர் எழுதியதை எதிர்த்தார்கள் என்றால், அது பள்ளிக்குப் பெருமை. தமிழிலக்கியத்தின் காலத்தையும் அவர் மிகப் பின்னுக்குத் தள்ளினார். சங்க நூல்கள் அச்சேறாத காலத்தில் எழுதியவர். ஆனால் கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தவரும் அவரே. பொருநை ஆற்றங்கரையின் பழமை இன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிவரும்போது, முதல் மண்வெட்டிகளுள் ஒன்று அவருடையது என்பதை மறுக்க முடியாது.

1891 ஆகஸ்டு 28-இல் கோடைக்கானல் மலையில் அவர் மூச்சு அடங்கியது. அந்தக் குளிர்ந்த மலையிலே அடக்கம் செய்திருக்கலாம். செய்யவில்லை. மலையிலிருந்து இறக்கி, நெல்லைச் சீமை வரை கொண்டுவந்து, தேரிக்காட்டின் நடுவே, 33 ஆண்டுகள் அவர் கட்டிய அந்தக் கோயிலுக்குள் புதைத்தார்கள். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை 2011-இல் தமிழக அரசு நினைவில்லமாக்கியது. எலிசா அம்மையார் 1899-இல் மறைந்தார். அவரும் அதே மணலில், கணவருக்கு அருகே உறங்குகிறார்.