அஞ்சற்படைத் தலைவி சாரிட்டி ஆடம்ஸ்

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பீரங்கியும் விமானமுமே. போர்முனையில் நிற்போர்க்குப் பெயர்ப்பதிவேடு காப்போரும் ஊதியம் கணக்கிடுவோரும் கடிதம் சேர்ப்போரும் வரலாற்று நூல்களில் அருகியே காணப்படுகின்றனர். அத்தகைய பணியால் புகழெய்திய ஒரு கறுப்பினப் பெருமாட்டியின் வரலாற்றை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

சாரிட்டி ஆடம்ஸ் 1918 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்து, தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் வளர்ந்தார். தந்தையார் மறைபோதகர், தாயார் ஆசிரியை. கறுப்பர்க்கெனத் தனிப்பள்ளி இருந்த காலம் அது. அப்பள்ளியில் முதல் மாணவியாகத் தேறி, வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1938-இல் பட்டம் பெற்று, கணித ஆசிரியையானார்.

1942-இல் அமெரிக்க இராணுவம் பெண்கள் துணைப்படையைத் தொடங்கியது. முதல் அதிகாரிகள் வகுப்பிலேயே சாரிட்டி சேர்ந்தார். அயோவா மாநிலத்துப் பயிற்சி முகாமுக்கு வெள்ளைப் பெண்களும் கறுப்புப் பெண்களும் ஒன்றாகவே பயணம் செய்து வந்தனர். வந்திறங்கியதும் கறுப்புப் பெண்கள் ஒருபுறம் ஒதுங்குமாறு ஆணை பிறந்தது. தங்குமிடமும் உணவு மேசையும் வேறாயின. இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பயிற்சியை முடித்த அவர், அப்படையில் அதிகாரியாக நியமனம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியானார். மறு ஆண்டே மேஜரானார்.

1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு 6888-ஆம் மைய அஞ்சல் விவரப் பட்டாளம் வந்தது. ஏறத்தாழ 855 கறுப்பினப் பெண்கள், தலைவி சாரிட்டி. ஐரோப்பாவில் போரிட்ட அமெரிக்க வீரர்க்கு வந்த கடிதங்களும் பொதிகளும் அங்கே 1 கோடியே 70 லட்சம் அளவில் தேங்கிக் கிடந்தன. கணப்பில்லாத கூடங்கள், வான்தாக்குதலுக்கு அஞ்சிச் சாளரங்கள் மூடப்பட்டிருந்தன, பொதிகளிலிருந்த தின்பண்டங்களை எலிகள் கடித்திருந்தன. படைகள் நாள்தோறும் இடம்பெயர்ந்தமையால் உறையிலிருந்த முகவரிகள் பயனற்றுப் போயிருந்தன.

இதற்கு அவர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. ஏறக்குறைய 70 லட்சம் அட்டைகளில் வீரர்களின் பெயரும் எண்ணும் பிரிவும் பதியப்பட்டன. ராபர்ட் ஸ்மித் என்னும் பெயருடையோர் மட்டும் 7,500 பேர்! நம் பட்டாளத்தில் எத்தனை முனுசாமிகள் என்று எண்ணிப் பார்த்தால் இவ்வேலையின் கடினம் விளங்கும். படையெண் ஒன்றே ஆளை அடையாளங்காட்டும். இறந்தவர்க்கு வந்த கடிதங்களைத் திருப்பியனுப்பும் துயரப் பணியும் இவர்களுடையதே. நாள் முழுதும் மூன்று முறைமாற்றங்களில், முறைக்கு 65,000 கடிதங்கள் வீதம் பிரித்தனர். ஆறு மாத வேலை மூன்றே மாதத்தில் முடிந்தது.

ஒருநாள் தளபதி ஒருவர் அணிவகுப்பைப் பார்வையிட வந்தார். ஒரு முறையினர் பணியிலும் மற்றொரு முறையினர் உறக்கத்திலும் இருந்தமையால் அனைவரும் அணியில் இல்லை. சினந்த தளபதி, பட்டாளத்தை நடத்தக் கற்றுத்தர வெள்ளை லெப்டினன்ட் ஒருவரை அனுப்பப் போவதாகக் கூறினார். தம் உயிருள்ளவரை அது நடவாது என்று மேஜர் மறுமொழி தந்தார். இராணுவ நீதிமன்ற விசாரணைக்குத் தளபதி ஏற்பாடு செய்ய, நிறவேற்றுமையைத் தூண்டும் பேச்சைத் தடுத்த மேலிட ஆணையை அவரே மீறினார் என்று எதிர்க்குற்றச்சாட்டை எழுத முற்பட்டார் சாரிட்டி. தளபதி பின்வாங்கினார். விதிகளைப் படித்து வைத்திருந்தது அன்று அவருக்குப் பெருந்துணை செய்தது.

பின்னர் பட்டாளம் பிரான்சின் ரூவான் நகருக்குச் சென்றது. அங்கே 1945 ஜூலையில் ஜீப் விபத்தில் மூன்று பெண்கள் மாண்டனர். அடக்கச் செலவுக்கு இராணுவம் பணம் தராததால் தோழியரே பணம் திரட்டினர். அம்மூவரும் நார்மண்டியிலுள்ள அமெரிக்கப் போர்வீரர் கல்லறையில் துயில்கின்றனர்.

லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்து 1946-இல் விலகிய சாரிட்டி, முதுகலைப் பட்டம் பெற்று, 1949-இல் மருத்துவர் ஸ்டான்லி ஏர்லியை மணந்தார். டேடன் நகரில் சமூகப் பணியாற்றி 2002 ஜனவரி 13 அன்று மறைந்தார். 2023-இல் வர்ஜீனியாவின் லீ கோட்டை இராணுவத் தளத்துக்கு அவர் பெயரும் இணைத்துச் சூட்டப்பட்டது. 2025-இல் அப்பெயர் நீக்கப்பட்டுப் பழைய பெயரே திரும்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அப்பட்டாளத்துக்கு வழங்கப்பட்டது. அன்று உயிருடன் எஞ்சியிருந்தோர் மிகச் சிலரே.