யார் இந்த சம்பு நாத் டே? காலராவின் நச்சைக் கண்டுபிடித்த இந்திய மருத்துவர்

ஒதியம்பட்டோ கொல்கத்தாவோ, குழந்தைக்கு வயித்தால போனா முதல்ல தேடுறது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான். காலரா வந்தா உடம்புல இருந்து அவ்வளவு தண்ணி ஏன் வெளியேறுது? இதற்கு விடை கண்டவர் சம்பு நாத் டே.

1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம் படித்து, லண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

முயல் குடலில் நடந்த சோதனை

காலரா கிருமியை 1884-லேயே கொல்கத்தாவில் ராபர்ட் காக் அடையாளம் கண்டுவிட்டார். ஆனா அது எப்படி ஆளைக் கொல்லுதுன்னு 75 வருஷமா தெளிவாகல. 1959-ல் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் முயல் குடலில் செலுத்தினார். குடலில் நீர் நிரம்பியது. கிருமி சுரக்கும் நச்சுதான் காரணம் என்பது உறுதியானது.

ஈ.கோலையிலும் வித்தியாசம்

1956-லேயே இதே முறையில் ஈ.கோலை கிருமியையும் சோதித்திருந்தார். பெரும்பாலான ஈ.கோலை நம்ம குடலில் சும்மா இருக்கும். சில வகைகள்தான் வயிற்றுப்போக்கு தரும். நச்சுக்கான மரபணு இருக்கா இல்லையா என்பதே முக்கிய வித்தியாசம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. குழந்தைகளை அதிகம் தாக்குவதும் இந்த நச்சு வகைதான்.

நோபல் பெற்ற ஜோஷ்வா லெடர்பெர்க், டேவின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரல. 1985-ல் இறக்கும் வரை இந்தியாவிலும் பெரிய விருது எதுவும் தேடி வரல.