செனட்டில் யாருக்கு இடம்? அம்பேத்கரின் 1927 வாதம்

மகாத் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தது நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அது 1927 மார்ச் 20. அதே ஆண்டில் அவர் இன்னொரு கதவையும் தட்டினார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் செனட் கதவு. குளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் அவருடன் நடந்து வந்தார்கள். செனட்டுக்காகப் பேசியபோது சட்டசபையில் அவருக்குத் துணை மிகக் குறைவு.

செனட் என்றால் என்ன? ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் பேருந்துக்கு நின்று அரியலூர் கல்லூரிக்குப் போகும் மாணவரைக் கேட்டால், பல்கலைக்கழகம் என்பது தேர்வு வைக்கும் இடம், மதிப்பெண் பட்டியல் அனுப்பும் இடம் என்பார். அது அவர் தவறல்ல, நமக்கு அப்படித்தான் அது அறிமுகமாகிறது. ஆனால் எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும், எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, தோற்ற பாடத்தை எப்போது மறுபடி எழுதலாம், எந்த ஊர்க் கல்லூரிக்கு இணைப்புத் தருவது, தேர்வுக் கட்டணம் எவ்வளவு, யாரை ஆசிரியராக நியமிப்பது என்பதையெல்லாம் யாரோ சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். அரியலூர், பெரம்பலூர் மாவட்டக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அங்கும் செனட் என்ற பேரவை உண்டு, சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழு உண்டு, பாடங்களைக் கவனிக்கும் கல்விக்குழு உண்டு. பொதுவாகச் சொன்னால் விதிகளை வகுப்பதும் ஆண்டறிக்கையைப் பரிசீலிப்பதும் பேரவையின் வேலை. பணமும் நியமனமும் அன்றாட நிர்வாகமும் ஆட்சிக்குழுவிடம் இருக்கும். பாடத்திட்டமும் தேர்வின் தரமும் கல்விக்குழுவுக்கு உரியவை. அந்த மேசையைச் சுற்றி யார் உட்காருவது என்பதுதான் அம்பேத்கர் எழுப்பிய கேள்வி.

அதைக் கேட்கும் தகுதி அவருக்கு எப்படி வந்தது என்பதை அவர் வாழ்க்கையே சொல்லும். 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி ராணுவப் பள்ளி ஆசிரியர். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது சமஸ்கிருதம் எடுக்க விரும்பினார். தீண்டாச் சாதிப் பிள்ளை என்பதால் மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்தார். பாடப் பட்டியலில் சமஸ்கிருதம் இருந்தது. பட்டியலில் இருப்பது ஒன்று, அது யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தைச் சிறுவயதிலேயே பார்த்துவிட்டார்.

1907இல் மெட்ரிகுலேஷன். 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியிலிருந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், பிறகு லண்டன். 1917இல் திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடம் கொடுப்பார் இல்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். 1918 நவம்பரில் பம்பாய் சைடனாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். மாணவர்கள் அவர் வகுப்புக்கு ஆவலோடு வந்தார்கள். சக பேராசிரியர்கள் சிலருக்கோ ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவது பொறுக்கவில்லை. கல்லூரிக்குள்ளும் ஒரு மகாத் குளம் இருந்தது என்று சொல்லலாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு 1920இல் மீண்டும் லண்டன் போனார். ரூபாய் நாணயச் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்காக 1923இல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி. பட்டம் தந்தது. பாரிஸ்டரும் ஆனார்.

இத்தனை பட்டங்களோடு ஊர் திரும்பியவர் 1924இல் ஒடுக்கப்பட்டோர் நலச் சபையைத் தொடங்கினார். சபை முதலில் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று சோலாப்பூரில் மாணவர் விடுதி. கல்லூரி வாசல் திறந்தே இருந்தாலும், இரவில் படுக்க இடமும் காலையில் சோறும் இல்லாத பிள்ளை அந்த வாசல் வரை வந்து சேராது என்பது அவருக்குத் தெரியும். இன்று நம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தைச் சீர்திருத்த சிமன்லால் சேதல்வாட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1857இல் சென்னை, கல்கத்தா பல்கலைக்கழகங்களோடு தொடங்கப்பட்டது அது. பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அலுவலகமாகவே நடந்துவந்தது. 1925 ஆகஸ்ட்டில் அந்தக் குழுவுக்கு அம்பேத்கர் விரிவாக எழுத்தில் சாட்சியம் அளித்தார். தேர்வைக் கடினமாக்கினால் தரம் உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. கற்பிப்பதும் ஆராய்வதும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும், இளநிலைப் படிப்பையும் முதுநிலைப் படிப்பையும் துண்டாக்கக் கூடாது, கல்லூரிகள் தனித்தனித் தீவுகளாக இல்லாமல் ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வாதிட்டார். லண்டனிலும் நியூயார்க்கிலும் படித்த ஒருவரின் பரிந்துரைகள் இவை. ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது, நம் இணைப்புக் கல்லூரிகளில் எத்தனை இதைக் கண்டிருக்கின்றன என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

பிறகு வந்தது 1927. பம்பாய் சட்டசபைக்கு நியமன உறுப்பினராக வந்திருந்தார். மார்ச் 12 அன்று கல்வி நிதி விவாதத்தில் அரசின் கணக்கையே எடுத்து வைத்தார். உயர்நிலைப் பள்ளியில், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு முன்னேறிய சாதி இந்துக்களின் பிள்ளைகள் 3,000 பேர் படித்தார்கள். அடித்தட்டில் வைக்கப்பட்ட சாதிகளில் அந்த எண்ணிக்கை 14. கல்லூரியில், இரண்டு லட்சம் பேருக்கு முன்னேறியவர்களில் 1,000 பேர். கடைசித் தட்டில் ஒருவர் இருந்தாலே அதிசயம். எட்டு நாள் கழித்து அவர் மகாத் குளக்கரையில் நின்றார்.

அந்தக் குளத்தின் கதையையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்தவை என்று 1923லேயே சட்டசபை தீர்மானம் போட்டிருந்தது. மகாத் நகராட்சியும் அதை ஏற்று 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, தண்ணீர் குளத்தில் இருந்தது. மூன்று ஆண்டுகள் ஒருவரும் அள்ளவில்லை.

ஜூலையில் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சட்டத் திருத்த மசோதா விவாதத்துக்கு வந்தது. செனட்டை எப்படி அமைப்பது என்பதுதான் அதில் பெரிய சர்ச்சை. பல்கலைக்கழகம் அறிவாளிகளின் விஷயம், அதைப் படித்தவர்கள் கையில் விட்டுவிட வேண்டும், சாதிக் கணக்கு அங்கே எதற்கு என்பது எதிர்த்தரப்பின் நிலை. இன்றும் நாம் கேட்கிற வாதம்தான். குரல் மட்டும் மாறியிருக்கிறது.

அம்பேத்கர் இதற்கு ஜூலையிலும் அக்டோபரிலும் பதில் சொன்னார். செனட் வெறும் பாட விஷயங்களில் ஆலோசனை கூறும் நிபுணர் சபை என்றால், நிபுணர்கள் மட்டும் போதும் என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் அது அப்படிப்பட்ட சபை அல்ல. அறிவிருந்தும் பணமின்மையாலோ வேறு தடைகளாலோ படிக்க முடியாதவர்களுக்கு உயர்கல்வியைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதோடு தன் கடமை முடிந்தது என்று எந்த நாகரிக நாட்டுப் பல்கலைக்கழகமும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, யாருக்காக அந்த வசதிகளை உண்டாக்க வேண்டுமோ, அவர்களின் ஆள் அவையில் இல்லாமல் முடிவெடுப்பது எப்படிச் சரியாகும்?

படித்தவர்களிடம் ஒப்படைப்பதையும் அவர் ஒரேயடியாக மறுக்கவில்லை. அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். அவர்களிடம் கீழே உள்ளவர்களின் ஆசைகள் மீது அனுதாபமும், அவர்களுக்கும் உரிமை உண்டு என்ற மதிப்பும் இருந்தால் நம்பி விட்டுவிடலாம். நூற்றாண்டுகளாகக் கிடைத்த அனுபவம் வேறு மாதிரி இருக்கிறதே என்றார். படிப்பு ஒன்றே ஒருவரை நியாயமானவராக ஆக்கிவிடாது என்பதற்கு சைடனாம் கல்லூரியின் தண்ணீர்ப் பானையை விடப் பெரிய சாட்சி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொந்த அவமானத்தைக் காட்டி அனுதாபம் தேடும் பேச்சாக அவர் இதை ஆக்கவில்லை. செனட்டின் வேலை என்ன என்பதை வரையறுத்து, அந்த வேலைக்கு யார் தேவை என்பதை அதிலிருந்தே பெற்றார். வழக்கறிஞரின் முறை அது. ஒடுக்கப்பட்டோர் மற்ற வசதிகளை வேண்டுமானால் விட்டுக்கொடுப்பார்கள், உயர்கல்வியை முழுமையாகப் பெறும் வாய்ப்பை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், செனட் இடங்களுக்கான போராட்டம் பதவி ஆசையால் வந்ததல்ல என்பதையும் தெளிவாக்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. சூத்திரனுக்கும் தீண்டப்படாதவனுக்கும் கல்வி கூடாது என்ற பழைய விதிக்கு அங்கே தீ. புதிய விதிகளை எழுதும் அவையில் இடம் வேண்டும் என்று இங்கே வாதம்.

புதிய பல்கலைக்கழகச் சட்டம் 1928இல் வந்தது. அதே ஆண்டில் அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியரானார், 1935இல் அதன் முதல்வர். சென்னை மாகாணத்திலும் இதே காலத்தில் ஒரு சட்டப் பேராசிரியர் இருந்தார். மீனாம்பாளின் கணவர் என்.சிவராஜ். சென்னைச் சட்டக் கல்லூரியில் கற்பித்தவர், 1945இல் சென்னை மேயர், அகில இந்திய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தலைவர். நம் பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசுவது குறைவு. தனியாகவே எழுத வேண்டிய வாழ்க்கை அது.

1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும் அம்பேத்கர் பணத்தின் பக்கம் திரும்பினார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் வீதம் தருகிறதே, பட்டியல் சாதியாரின் உயர்கல்விக்கு என்ன தருகிறது என்று கேட்டார். மூன்று லட்சம் ஒதுக்கப்பட்டது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. இன்று வங்கிக் கணக்கில் எப்போது வரும் என்று நம் பிள்ளைகள் பார்த்துக் காத்திருக்கும் தொகையின் வேர் அங்கே இருக்கிறது.

பிறகு சொந்தமாகவே கல்லூரி கட்டினார். 1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகம், 1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. அலுவலகத்தில் வேலை பார்ப்பவரும் படிக்கும்படி காலையிலேயே வகுப்புகள் நடந்தன. 1950இல் அவுரங்காபாத்தில் ஒரு கல்லூரி. பின்னாளில் அது மிலிந்த் கல்லூரி என்று பெயர் பெற்றது. நிஜாம் ஆட்சியில் உயர்கல்வி எட்டாதிருந்த மராத்வாடாவின் தலித் பிள்ளைகள் அங்கே வந்தார்கள்.

1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். இரண்டு ஆண்டுகளில் அதே அவுரங்காபாத்தில் மராத்வாடா பல்கலைக்கழகம் உருவானது. அதற்கு அம்பேத்கர் பெயர் சூட்டுவது என்று 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிர சட்டமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டன. உடனே கிராமங்களில் தலித் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின, அரசு தீர்மானத்தைக் கிடப்பில் போட்டது. மகாத் நகராட்சியின் தீர்மானம் போலவே இதுவும் காகிதத்தில் கிடந்தது. இந்த முறை மூன்று ஆண்டுகள் அல்ல, பதினைந்துக்கும் மேல். ஊர்வலங்கள், சிறை, நடைப்பயணங்கள் எல்லாம் கடந்து 1994 ஜனவரி 14 அன்றுதான் பல்கலைக்கழக வாசலில் பெயர்ப்பலகை மாறியது.