வேலை போச்சு, வீடும் போச்சு... ஆனாலும் பூச்சிகளை விடல! யார் இந்த ஃபேபர்?

பூவில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று பாடம் எடுத்தால் ஒருவருக்கு வேலை போகுமா? பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரில் 1870 வாக்கில் போனது. மாலை நேர இலவச வகுப்பில் இளம்பெண்களும் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் அதைப் பேசியதுதான் ஆசிரியர் ழான் ஹென்றி ஃபேபர் செய்த குற்றம்! பழமைவாதிகள் கொதித்தார்கள். பள்ளி வேலையை விட வேண்டியதாயிற்று. வாடகை வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மனைவி, குழந்தைகளோடு நடுத்தெருவில் நின்றவருக்குக் கை கொடுத்தது ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். செடி கொடிகளைத் தேடி இருவரும் சேர்ந்து சுற்றிய பழக்கம். மில் கொடுத்த 3,000 பிராங்க் கடனில்தான் குடும்பம் பிழைத்தது. அந்தக் கடனை ஃபேபர் பிறகு அடைத்துவிட்டார்.

1823-ல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கவே 1879 ஆகிவிட்டது. அதுவும் செரினியான் கிராமத்தில், கல்லும் முள்ளுமான தரிசு. விவசாயத்துக்கு ஆகாது, குளவிக்கும் தேனீக்கும் சொர்க்கம். அவருக்கு அதுதானே வேணும்?

சாணி உருண்டையை வண்டு உருட்டிக்கிட்டுப் போவதைப் பார்த்தவர்கள், உள்ளே முட்டை இருக்கும் என்றே நம்பினார்கள். ஃபேபர் பிரித்துப் பார்த்தார். முட்டை இல்லை, அது வெறும் சாப்பாடு. முட்டையை மண்ணுக்கடியில், பேரிக்காய் வடிவ உருண்டையில் வைக்கிறது வண்டு. அந்த உருண்டையைக் கண்டெடுத்துக் கொடுத்தது ஆடு மேய்க்கும் ஓர் இளைஞர்.

1896 ஜனவரியில் நடந்தது இன்னும் விசித்திரம். பைன் மரக் கம்பளிப்பூச்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாகத்தான் போகும். அந்த வரிசை ஒரு பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் ஏறியது. பின்னால் வந்தவற்றையும், கீழே வழிகாட்டிய பட்டு நூலையும் துடைத்துவிட்டார் ஃபேபர். தலைமைப் பூச்சியே இல்லாமல் வட்டம் மூடிக்கொண்டது. குளிர், பசி எல்லாம் தாங்கிக்கொண்டு ஒரு வாரம் சுத்திக்கிட்டே இருந்தன. மொத்தம் 335 சுற்று என்று கணக்குப் போட்டார். எட்டாவது நாள்தான் சில பூச்சிகள் தடுமாறிக் கீழே இறங்கின.

டார்வினே மெச்சிய பார்வை அவருடையது. ஆனால் டார்வினின் பரிணாமக் கொள்கையை ஃபேபர் கடைசிவரை ஏற்கவில்லை. அந்த விஷயத்தில் பிடிவாதக்காரர்.

இன்னொரு சறுக்கலும் உண்டு. கத்திக்கொண்டே இருக்கும் சில்வண்டுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, ஊர்த் திருவிழாவில் வெடிக்கும் பீரங்கிகளைக் கொண்டுவந்து மரத்தடியில் வெடித்தார். ஜன்னல் கண்ணாடி உடையக்கூடாதே என்று முன்கூட்டியே திறந்தும் வைத்தார். டமார்! சில்வண்டுகள் அசரவே இல்லை. காதே கேட்காது போல என்று முடிவு கட்டினார். உண்மையில் அவற்றுக்குக் காது உண்டு.

10 தொகுதிகளாக வந்த அவருடைய பூச்சி நினைவுகள் 1907-ல்தான் முடிந்தன. 1915-ல், 91 வயதில், அதே தரிசு நில வீட்டிலேயே ஃபேபர் இறந்தார். இன்று அது அருங்காட்சியகம்.