ஸ்டீவன் மேத்தர்

ஸ்டீவன் டிங் மேத்தர் (ஜூலை 4, 1867 – ஜனவரி 22, 1930) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழிலதிபரும் இயற்கைப் பாதுகாவலரும் ஆவார். அந்நாட்டுத் தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநராக 1917 முதல் 1929 வரை பணியாற்றினார். பூங்காக்களுக்குத் தானுந்தில் சென்று, முகாமிட்டுத் தங்கிவரும் அமெரிக்க வழக்கம் பரவுவதற்கு முதன்மையான காரணமாயிருந்தவர்களுள் இவர் ஒருவர்.

இளமையும் தொழிலும்

மேத்தர் கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1887 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் நியூயார்க்கில் செய்தியாளராகப் பணியாற்றியபின், தம் தந்தை பணிபுரிந்த வெண்கார நிறுவனத்தில் சேர்ந்தார். மரணப் பள்ளத்தாக்கிலிருந்து வெண்காரத்தை ஏற்றிவந்த இருபது கோவேறு கழுதை வண்டிகளின் பெயரை விளம்பரத்தில் பயன்படுத்தி, அப்பொருளை நாடெங்கும் அறியச் செய்தார்.

1893 இல் ஜேன் தாக்கர் ஃபிளாய் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகள் உண்டு. 1903 இல் மேத்தர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளானார். குணமடைந்தபின் தாமஸ் தோர்கில்ட்சனுடன் இணைந்து தனியாக வெண்காரத் தொழில் நடத்திப் பெருஞ்செல்வர் ஆனார். இக்காலத்தில் மலையேற்றம் இவருக்கு மருந்தாக அமைந்தது. 1904 இல் சியரா கழகத்தில் சேர்ந்தார். 1912 இல் இயற்கையியலாளர் ஜான் மியூரைச் சந்தித்தார்.

பூங்காச் சேவையின் தோற்றம்

1914 இல் பூங்காக்களின் சீர்கேடுகளைக் கண்ட மேத்தர், உள்துறைச் செயலர் ஃபிராங்க்ளின் லேனுக்கு முறையீடு எழுதினார். இதன் தொடர்ச்சியாக லேன் இவரையே அப்பொறுப்பை ஏற்க அழைத்தார். 1915 ஜனவரியில் செயலரின் உதவியாளராகப் பதவியேற்றார். ஹோரேஸ் ஆல்பிரைட் என்னும் இளம் வழக்கறிஞர் இவருக்குத் துணையாக அமைந்தார்.

அப்போது தேசியப் பூங்காக்களைக் கவனிக்கத் தனி அமைப்பு எதுவும் இல்லை. சட்டமன்ற உறுப்பினர்கள், இதழாளர்கள், தொழிலதிபர்கள் ஆகியோரை 1915 கோடையில் சியரா நெவாடா மலைகளுக்குத் தம் செலவில் அழைத்துச் சென்று மேத்தர் ஆதரவு திரட்டினார். 1916 ஆகஸ்ட் 25 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பூங்காச் சேவைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இயற்கையைக் கெடாமல் காத்தல், மக்கள் அதனைக் கண்டு மகிழ வழிசெய்தல் என்னும் இரண்டு கடமைகளை இச்சட்டம் விதித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே மேத்தரின் வாழ்நாள் சிக்கலாயிற்று.

1917 ஜனவரியில் மனச்சோர்வு மீண்டும் இவரை வீழ்த்தியது. பல மாதங்கள் சிகிச்சையில் இருந்தார். அக்காலத்தில் ஆல்பிரைட் பணிகளைக் கவனித்தார்.

சாலைகளும் தானுந்துகளும்

பூங்காக்களைக் காப்பதற்குப் பணம் வேண்டும். மக்கள் ஆதரவு இன்றிச் சட்டமன்றம் பணம் தராது. மக்கள் வருவதற்குச் சாலை வேண்டும். மேத்தரின் கொள்கை இதுவே. யோசெமிட்டியின் குறுக்கே செல்லும் தியோகா சாலை, 1883 இல் சுரங்கத்திற்காக அமைக்கப்பட்டுப் பின் பழுதடைந்து கிடந்தது. 1915 இல் தம் பணத்துடன் நண்பர்களின் நன்கொடையும் சேர்த்து 15,500 டாலருக்கு அதனை வாங்கி அரசுக்கு அளித்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் யெல்லோஸ்டோன் பூங்காவில் தானுந்துகள் அனுமதிக்கப்பட்டன. 1917 இல் அங்கிருந்த குதிரை வண்டிகளின் இடத்தை மோட்டார்ப் பேருந்துகள் பிடித்தன. 1920 இல் மேற்குப் பகுதியிலுள்ள 12 பூங்காக்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்தை முன்னிட்டு, டென்வரிலிருந்து புறப்பட்ட தானுந்துக் குழு 76 நாட்களில் சுமார் 5,000 மைல் சுற்றிவந்தது. பயணிகள் ஊர்தியை நிறுத்திக் கூடாரமடிக்கப் பொது முகாம்கள் ஏற்படுத்தப்பட்டன.

எனினும் எல்லா இடங்களிலும் சாலை அமைப்பதை இவர் ஏற்கவில்லை. ஒரு பூங்காவிற்கு முதன்மைச் சாலை ஒன்று போதும், எஞ்சிய பகுதி காடாகவே இருக்கவேண்டும் என்று கருதினார். கிளேசியர் பூங்காவில் மலைச்சாலை அமைக்க 1924 இல் இரு திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. பல கொண்டையூசி வளைவுகள் கொண்ட திட்டத்தை விடுத்து, செலவு மிகுந்ததாயினும் மலைச்சரிவின் தோற்றத்தைக் குலைக்காத திட்டத்தை மேத்தர் தேர்ந்தெடுத்தார். அச்சாலை 1933 இல் திறக்கப்பட்டது. குறுகலான அச்சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட ஊர்திகள் செல்லமுடியாது. ஆகவே வீட்டு வசதிகொண்ட பெரிய ஊர்திகளில் வருவோர் அவற்றைக் கீழே நிறுத்திவிட்டே மேலே செல்லவேண்டும்.

பாதுகாப்புப் பணிகள்

யெல்லோஸ்டோனில் பாசனத்திற்காக அணைகட்டும் முயற்சிகளை மேத்தர் எதிர்த்தார். 1921 இல் அப்போதிருந்த தேசியப் பூங்காக்கள் நீர்மின் உரிமச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. கிளேசியரில் விடுதி கட்டும் பணிக்காக அமைக்கப்பட்ட மர அறுவை ஆலை பணி முடிந்தும் அகற்றப்படாதிருந்தது. 1925 இல் மேத்தர் தாமே முன்னின்று அதனை வெடிவைத்துத் தகர்த்தார். இவரது காலத்தில் கிராண்ட் கேன்யன், சயான், அகாடியா (அப்போது லஃபாயெட்) ஆகியவை 1919 இலும், பிரைஸ் கேன்யன் 1928 இலும் தேசியப் பூங்காக்களாயின.

மறைவும் மரபும்

1928 நவம்பரில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட மேத்தர், 1929 ஜனவரியில் பதவி விலகினார். ஆல்பிரைட் அடுத்த இயக்குநரானார். மேத்தர் 1930 ஜனவரி 22 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில் காலமானார்.

இவர் வரவேற்ற ஊர்திகளே பின்னர்ப் பூங்காக்களுக்குச் சுமையாயின. சக்கரங்களும் காலடிகளும் மண்ணை இறுக்கி மரவேர்களைச் சிதைப்பதைத் தாவர நோயியலாளர் எமிலியோ மைனெக்கே ஆராய்ந்தார். ஒருவழிச் சுற்றுப்பாதையும், ஒவ்வொரு ஊர்திக்கும் தனி நிறுத்துமிடமும் கொண்ட முகாம் அமைப்பை 1930களின் தொடக்கத்தில் அவர் வகுத்தார். பின்வந்த முகாம்கள் பலவும் இம்முறையைப் பின்பற்றின.

1932 இல் பல பூங்காக்களில் மேத்தரின் நினைவாக வெண்கலப் பட்டயங்கள் நிறுவப்பட்டன. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பிலுள்ள மேத்தர் முனையும், அருகிலுள்ள முகாமும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.