மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்த மாணவி

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த இரவு எங்கள் வீட்டில் ஒரு சின்னப் போராட்டமே நடந்தது. முதலாவது தெரிவாகக் கட்டடக்கலையை எழுத வேண்டும் என்று நான் நின்றேன். வாப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. அவர் மேசன். 1990இல் எங்கள் குடும்பம் முல்லைத்தீவை விட்டுப் புத்தளம் போனபோது, அங்கே வயிற்றுப் பாட்டுக்காகக் கற்றுக்கொண்ட தொழில் அது. திரும்பி வந்த பிறகு வன்னியில் எழும்பிய மீள்குடியேற்ற வீடுகளில் எத்தனையோ அவர் கைபட்டவை. கட்டட வேலை நடக்கும் இடம் எப்படியிருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் மகளை அங்கே அனுப்ப மனம் வரவில்லை. ஐந்து வருடப் படிப்பு, அதுவும் மொறட்டுவையில். போதாததற்குப் பெறுபேறு மட்டும் காணாது, தனியாக உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். ஆசிரியத் தொழிலுக்குப் போனால் என்ன என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்தப் படிப்பை நம் நாட்டிலிருந்து முதலில் தேடிப்போன பெண் யார் என்று அடுத்த நாள் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். அப்படிக் கண்டுகொண்டவர்தான் மினெட் டி சில்வா.

அவர் 1918 பெப்ரவரி 1ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா சிங்கள பௌத்தர், சட்டத்தரணி, அரசியல்வாதி. தாய் அக்னஸ் பறங்கியர், கிறிஸ்தவர். இந்தத் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1927இல் தொடங்கிய சங்கத்தில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளிக்கப் போன பெண்களிடம், தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, நிச்சயமாக வேண்டும் என்று பதில் சொன்னவர் அக்னஸ். 1931இல் அந்த உரிமை கிடைத்தது. அப்போது மினெட்டுக்கு வயது பதின்மூன்று.

கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று மினெட் சொன்னபோது வீட்டில் அது இலகுவாக எடுபடவில்லை. தந்தையோடு வாதாட வேண்டியிருந்தது. வாக்குரிமைக்குப் போராடிய வீட்டிலேயே இந்த நிலைமை என்றால் எங்கள் வாப்பாவை நான் எப்படிக் குறை சொல்வது? அன்று இலங்கையில் அதற்கான பட்டப்படிப்பும் இருக்கவில்லை. 1930களின் இறுதியில் அவர் பம்பாய்க்குப் போனார்.

பம்பாயில் புகழ்பெற்ற ஜே. ஜே. கலைக் கல்லூரி இருந்தது. ஆனால் மினெட் மெற்றிக்குலேஷன் சித்தியடைந்திருக்கவில்லை. அதனால் உடனே அனுமதி கிடைக்கவில்லை. நம்மில் ஒருத்திக்கு இப்படி நடந்தால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பியிருப்போம். அவர் திரும்பவில்லை. மிஸ்திரி அண்ட் பெத்வார் என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தோழியாகக் கிடைத்தவர் பெரின் மிஸ்திரி, இந்தியாவின் முதல் பெண் கட்டடக்கலைஞர்களில் ஒருவர். பகலில் வரைமேசை, அதோடு தனியார் வகுப்பு. இப்படிச் சுற்றுவழியால் வந்துதான் கடைசியில் அரச கட்டடக்கலைக் கல்லூரியில் மாணவியானார்.

அந்த இடமும் நிலைக்கவில்லை. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. காந்தியைச் சிறையில் அடைத்தார்கள். அவரை விடுதலை செய்யக் கோரி நடந்த ஊர்வலத்தில் மினெட்டும் நடந்தார். கல்லூரித் தலைவர் மன்னிப்புக் கடிதம் கேட்டார். எழுதியிருந்தால் படிப்பு தொடர்ந்திருக்கும். அவர் எழுத மறுத்தார், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நான் நீண்ட நேரம் யோசித்தேன். பிற நாட்டு மாணவி, எத்தனையோ கஷ்டப்பட்டுப் பிடித்த இடம், நாலு வரிக் கடிதம். நானாக இருந்தால் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். படிப்பின் மதிப்பு தெரியாமல் அவர் அதைத் தூக்கி எறிந்தாரென்று சொல்லவும் முடியாது. அதற்குப் பிறகும் அவர் அதையேதான் துரத்திக்கொண்டு போனார்.

பெங்களூரில் ஒட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்ற ஜெர்மன் கட்டடக்கலைஞர் இருந்தார். ஹிட்லரின் ஆட்சியில் நாட்டை இழந்து வந்தவர். டாட்டாவின் உருக்கு நகரமான ஜம்ஷெட்பூருக்குத் திட்டம் தயாரித்துக்கொண்டிருந்த அவருடைய அலுவலகத்தில் மினெட் சேர்ந்தார். தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து, கொண்டுபோய்ப் பொருத்தும் வீடுகளில் வேலை செய்தார். சாதாரணத் தொழிலாளிக்கு வீடு என்ற விடயம் அவர் கையில் நேரடியாக வந்தது இங்கேதான். வேரறுந்து வந்த ஒருவரிடம் அவர் வீடு கட்டக் கற்றார் என்பது எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைக்குத் தனியாகப் படுகிறது. 1946இல் அவருடைய அக்கா அனில், எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தோடு சேர்ந்து பம்பாயில் 'மார்க்' என்ற கலைச் சஞ்சிகையைத் தொடங்கினார். அதில் மினெட்டின் பங்கும் இருந்தது.

இதற்கிடையில் போர் முடிந்திருந்தது. அவர் லண்டனுக்குப் போய், கட்டடக்கலைச் சங்கத்தின் கல்லூரியில் விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1947இல் பிரிட்ஜ்வாட்டர் நகரில் நடந்த நவீன கட்டடக்கலை மாநாட்டுக்குப் போனபோது லெ கொர்புசியேயைச் சந்தித்தார். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. அந்தக் காலத்துப் படங்களில் ஐரோப்பியர் மத்தியில் சேலை உடுத்தியே நிற்கிறார். உடுப்பை மாற்றினால்தான் பெரிய சபையில் இடம் கிடைக்கும் என்று நம்முடைய பிள்ளைகளிடம் யாராவது சொன்னால் இந்தப் படத்தைக் காட்டலாம். 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் றோயல் நிறுவகம் அவரை அங்கத்தவராக ஏற்றது. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். பம்பாய்க்குப் போன நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறத்தாழப் பத்து வருடம். வாப்பா பயந்தது ஐந்து வருடத்துக்கு!

தந்தையின் வற்புறுத்தலால் நாடு திரும்பிய மினெட், கண்டியில் பெற்றோரின் வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். முதல் வீடு, குடும்ப நண்பர்களான கருணாரத்ன தம்பதிக்கு; 1949இல் தொடங்கி 1951இல் முடிந்தது. மலைச்சரிவை வெட்டி மட்டமாக்காமல், சரிவுக்கு ஏற்றபடி தளங்களை ஏற்றி இறக்கி அமைத்தார். கொங்கிரீற்றும் கண்ணாடியும் ஒருபக்கம், தும்பறைப் பாய் நெசவும் அரக்கு வேலையும் சுட்ட மண் ஓடும் மறுபக்கம். வெறும் அலங்காரத்துக்கென்று அவர் இவற்றைச் சேர்க்கவில்லை. வேலையின்றி அழிந்துகொண்டிருந்த கைத்தொழிலாளருக்கு வேலை கொடுத்தால்தான் அந்த அறிவு உயிர்வாழும் என்று நினைத்தார். ஒரு பெண் வரைந்த கட்டடம் நிற்குமா என்ற சந்தேகம் எழத்தான் செய்தது. வேறு பொறியியலாளர்களிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். வீடு எழும்பி நின்றது.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது வட்டப்புளுவ. கண்டிக்குப் பக்கத்தில் அரச ஊழியர்களுக்காக 1950களின் பிற்பகுதியில் உருவான வீடமைப்புத் திட்டம். சுமார் 250 வீடுகள். பல இன மக்களும் வாழப்போகும் இடம். மினெட் வரைவதற்கு முன்னால் வினாக்கொத்துத் தயாரித்துக் குடும்பங்களிடம் கொடுத்தார். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எப்படிச் சமைக்கிறீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்றெல்லாம் விசாரித்தார். பதில்களை வைத்துச் சில மாதிரிகளை வரைந்து, அவற்றையும் குடும்பத்துக்கேற்ப மாற்றினார். வாழப்போகிறவரிடம் கேட்டு வீடு வரைவது இன்று பல்கலைக்கழகங்களில் பாடம். அவர் அன்று கண்டியில் தனியாக இருந்து செய்துகாட்டினார்.

பிற்காலம் அவருக்கு அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. 1957இல் தகுதிபெற்று வந்த ஜெப்ரி பாவாவின் புகழ் வளர்ந்து, கோட்டை நாடாளுமன்றம் வரை போனது. (பாவா என்ற பெயர் நமக்குப் பழக்கமானதுதான், அவருடைய தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம்.) பாவா செய்தவற்றில் சிலவற்றை மினெட் ஏறத்தாழப் பத்து வருடம் முந்தித் தொடங்கியிருந்தார் என்பதைப் பலர் மறந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். 1996இல்தான் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1998 நவம்பர் 24ஆம் திகதி, எண்பதாவது வயதில், கண்டியில் காலமானார்.

இத்தனையையும் ஓர் இரவு வாப்பாவிடம் சொன்னேன். காந்தி ஊர்வலத்துக்குத் தலையாட்டினார். லண்டன் கதை அவருக்குச் சுவைக்கவில்லை. வட்டப்புளுவ வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் கட்டிய வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பிளான்தான் வந்தது, யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்றார். பிறகு, எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு தாள் எழுதினால் என்ன கேட்பாய் என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் உம்மா தொடங்கிவிட்டார். கச்சான் காலத்தில் விறகுப் புகை முழுவதும் அறைக்குள்தான் வருகிறது. ஆண் விருந்தாளி வந்தால் பெண்கள் பின்பக்கம் போக, வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கடக்க வேண்டியிருக்கிறது. உம்மம்மாவுக்கு ஒழுச் செய்யப் படியிறங்க முடியவில்லை. குசினி, சட்டப்படி வீட்டுக்குள் இருந்தாலும், நாங்கள் சமைப்பது பின்னால் இறக்கிய தகரக் கொட்டிலில்தான். நான் கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன். வாப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அளவு நாடாவை எடுத்து வந்து, அதன் ஒரு முனையை என்னிடம் தந்தார்.

உளச்சார்புப் பரீட்சைக்கு அவரே என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். முடிவு இன்னும் வரவில்லை.